மீன்களுக்கு வைத்திருந்த குளிர்

ஷாமினி,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். கதவைத் தட்டி உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் நீ நடுவில் எழுந்து அப்பாவுக்கு மாத்திரை எடுக்கப் போய்விடுகிறாய். கொஞ்ச மாதமாக இப்படித்தான் நடக்கிறது. எழுதினால் முடியும்வரை உன்னால் எழுந்து போக முடியாது, நானும் பாதியில் வாயை மூடிக்கொள்ள முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, "அந்த வேலைய வேணாம்னு சொல்லிடப் போறேம்மா" என்றாய். குளிர் தேசத்திலிருந்து உன்னை மீன் ஆய்வுக்குக் கூப்பிட்ட அந்த வேலைதான். ஏன் என்று கேட்டேன். "அப்பாவ யாரு பாத்துக்குவா?" என்றாய். நீ சொன்னது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. இத்தனை மாதம் அதை நான் சொல்லாமல் இருந்ததுதான் இப்போது உன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உன் மீன்களைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றில்தான் எல்லாம் தொடங்கியது. நீ அந்த ஆப்பிரிக்க மீன்களை வளர்க்க ஆரம்பித்தபோது எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மழை பெய்தால் குட்டை, வெயில் வந்தால் மண் என்று இருக்கிற இடத்து மீன், அதனால் அவசரமாகப் பிறந்து அவசரமாகக் கிழமாகிச் செத்துவிடும் என்றாய். ஒரு நாள் என்னை உன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாய். ஒரு பக்கம் சூடான தண்ணீர், எதிர்ப்பக்கம் குளிரூட்டிய தண்ணீர். சூட்டுப் பக்கத்து ஆண் மீன் ஒன்றைக் காட்டினாய். வால் நிறம் வெளுத்து, முதுகு கூனி, தண்ணீருக்கு அடியில் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தது. எதிர்ப்பக்கத்து மீன் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடியை வந்து முட்டியது. இது அதற்குப் பேரனா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ரெண்டும் ஒரே நாள்ல பொரிச்சதும்மா. அண்ணன் தம்பி" என்றாய். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட்டாக இருந்து எத்தனையோ முதுமையைப் புரட்டிப் படுக்க வைத்தவள் நான். ஆனாலும் அந்த இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா விடவில்லை. "அப்ப நான் இத்தன வருஷமா ஐஸ் லோரி ஓட்டுறேனே, எனக்கு வயசு கம்மியாதான லா ஏறணும்?" என்று கேட்டார். "உங்களுக்கு இல்லப்பா" என்றாய். "நம்ம உடம்பு வெளிய எப்படி இருந்தாலும் உள்ள ஒரே சூட்ட வச்சிருக்கும். மீனுக்கு அந்த வசதி இல்ல. தண்ணி எவ்வளவு சூடோ, அதுவும் அவ்வளவு சூடு. தண்ணி சூடானா உடம்புக்குள்ள எல்லா வேலையும் வேகமா ஓடும். வேகமா வளரும், செல்லு அடிக்கடி பிரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி இருக்கு, அதோட நுனியில காப்பு மாதிரி ஒண்ணு. ஒவ்வொரு தடவ பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். வேகமா எரிக்கிறதால கழிவும் அதிகம், அதுவும் அந்த நுனிய அரிக்கும்." குளிரில் வைத்தால் தேயாதா என்று நான் கேட்டேன். "மெதுவா தேயும்னு நெனைக்கிறோம். ஆனா எல்லா பிராணியிலயும் ஒரே மாதிரி வரல. ரொம்பக் குளிர்னாலும் கெடுதல். சிலதுல உடம்பே குளிர உணர்ந்து தன் வேலைய மாத்திக்குது. அதத்தாம்மா நான் பாக்கறேன்" என்றாய். பிறகு குரல் மாறியது. ஆறும் கடலும் சூடாகிக்கொண்டே போனால் மீனும் தவளையும் பல்லியும் வயதாகும் முன்பே கிழமாகிவிடலாம், யாரும் கொல்லாமலே கூட்டம் கூட்டமாகக் குறைந்துவிடலாம் என்றாய். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து லோரிக் கொட்டகையில் எல்லோரிடமும் உன் மீன்களைப் பற்றித்தான் பேச்சு.

அதனால்தான் அன்றைக்கு நீ ஃபோன் பண்ணியபோது அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மழையே இல்லாமல் கொளுத்திய வாரம் அது. உங்கள் கட்டடத்து மின்சார அறையில் ஏதோ எரிந்துபோய்க் கரண்டே இல்லை, சரியாகச் சில நாளாகும் என்றாய். சூட்டுப் பக்கத்து மீன்களெல்லாம் எப்போதோ செத்து முடிந்துவிட்டன. குளிர்ப் பக்கத்தில் மிஞ்சிய கிழங்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றின் தண்ணீரும் சூடாகிவிட்டால் இத்தனை கால உழைப்புக்கு அர்த்தமில்லை. உன் புரபசருக்கு ஷா ஆலாமில் ஒரு சிநேகிதர், அவருடைய ஆய்வுக்கூடத்தில் குளிர் அறை இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்றாய். "அப்பா, உங்க லோரி கிடைக்குமா?" என்று கேட்டாய். அப்பா முதலாளிக்கு ஃபோன் போட்டார். அவரும் நல்ல மனுஷன். "எடுத்துட்டுப் போ லா, திரும்பி வரும்போது கழுவிடு" என்று சொல்லிவிட்டார். அப்பா மதியம் சாப்பிடவில்லை, பிரஷர் மாத்திரை மட்டும் போட்டிருந்தார். அதனால் நானும் கூட ஏறிக்கொண்டேன். டிரைவர் பக்கத்து ஏர்கோன் கெட்டுப்போய் வெகு நாளாயிற்று. பின்னால் பெட்டி மட்டும் நன்றாகக் குளிரும். சாமானுக்குத்தானே குளிர் வேண்டும், மனுஷனுக்கு எதற்கு என்று அவர் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

கரண்ட் இல்லாததால் லிஃப்டும் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த மாடிப்படியில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று. ஒவ்வொரு மீனும் மூடி போட்ட ஒரு டப்பாவில், டப்பாவின் மேல் அதன் எண். டப்பாக்களைப் பெட்டிகளில் அடுக்கி, மாற்றுத் தண்ணீர் நிரப்பிய கேன்களோடு இறக்க வேண்டும். நீ எடுக்க வந்ததையெல்லாம் அப்பா பிடுங்கிக்கொண்டார். "நீ மீனப் பாரு, தூக்குறது என் வேல" என்று ஏறி இறங்கினார். சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிங்க என்று நான் நீட்டியதை, அப்புறம் அப்புறம் என்று தள்ளினார். நீ லோரிப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறேன் என்றபோது நான் சண்டை போட்டேன். உள்ளிருந்து திறக்கிற பிடி இருக்கிறது, பயமில்லை என்று அப்பா காட்டினார். நீ சுவெட்டரை மாட்டிக்கொண்டு மீன் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற தெர்மாமீட்டரை மடியில் வைத்துக்கொண்டாய். கதவை மூடினோம்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஜாம். முன்னால் எங்கேயோ ஒரு லோரி கவிழ்ந்துவிட்டதாம். வண்டிகள் அடுப்பில் வைத்த தகரம் மாதிரி நின்றன. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சுங்கை வே தாண்டவில்லை. "இந்தக் கிள்ளான் டோலுக்குக் காசு வச்சிருக்கியா?" என்று கேட்டார். நாம் கிள்ளானுக்குப் போகவில்லையே என்றேன். "அம்மா காத்திருப்பாங்க" என்றார். அவருடைய அம்மா செத்து எத்தனையோ வருடம். திரும்பிக் கையைத் தொட்டேன். நெருப்பாகச் சுட்டது. மாடிப்படியில் அத்தனை நனைந்திருந்த சட்டைக்குள் இப்போது தோல் காய்ந்து கிடந்தது. இது வெப்பத் தாக்கு என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஓரம் கட்டுங்க, ஓரம் கட்டுங்க" என்று கத்தினேன். எப்படியோ எமர்ஜென்சி லேனில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது என்ன என்று உன்னிடம் சொல்ல வேண்டும். 'வண்டி முதலாளியோடது, வழியில் நிற்கிறதே' என்பதுதான் வந்தது. என் புருஷன் உணர்விழந்து கிடக்கிறார், எனக்கு வண்டி ஞாபகம் வருகிறது. அடுத்த நொடி அது போய்விட்டது. ஆனால் வந்தது உண்மை.

இறங்கி ஓடி வந்து பெட்டிக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். நீ உள்ளிருந்து திறந்தாய். வெளியே இருந்த வெயில் உள்ளே அடித்தது. "அப்பா மயங்கிட்டாரு, உடம்பு கொதிக்குது, உள்ள கொண்டு வரணும்" என்றேன். நீ தெர்மாமீட்டரைப் பார்த்தாய்.

பார்த்தேன் ஷாமினி. உன் கண் என் முகத்திலிருந்து மடிக்கு இறங்கியதை, அங்கே நின்றதை, பிறகு எழுந்ததை. நான் நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் அது நீளமாகத் தெரிகிறது. உனக்கு இன்னும் நீளமாகத் தெரியும். உண்மையில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்குமா என்பது சந்தேகம். அதை நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அல்லது பார்த்திருப்பேனோ என்ற பயத்தில்தான் இத்தனை மாதமாக என் முகத்தை நேராகப் பார்க்காமல் இருக்கிறாய். அப்பாவுக்கு அந்த மத்தியானமே ஞாபகத்தில் இல்லை. மாடிப்படியில் ஏறியதோடு அவருக்கு எல்லாம் நின்றுவிட்டது. ஆகவே அந்தப் பார்வை நம் இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கிறது. நான் மன்னிக்கிறேன் என்று சொல்லியிருந்தால், குற்றம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருந்தது உன்னை அரித்திருக்கிறது.

ஆனால் நான் பார்த்தது அதோடு முடியவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததையும் நான்தான் பார்த்தேன். உனக்கு அது ஞாபகமே இல்லாத மாதிரி நடந்துகொள்கிறாய். அதனால் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

நீ குதித்து இறங்கினாய். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நின்று, "அக்கா, என்னாச்சு?" என்று ஓடி வந்தார். நாடு விட்டு வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளை, சுங்கை வேயில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் வேலையாம். மூன்று பேருமாக அப்பாவைத் தூக்கிப் பெட்டிக்குள் கிடத்தினோம். "அண்ணே, ரோட்டுல நின்னு அம்புலன்ஸ் வந்தா வழி காட்டுங்க" என்று அவரிடம் சொன்னாய். நான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணினேன். ஜாமில் வர நேரமாகும் என்றார்கள். "இஞ்சின நிறுத்தாதம்மா, குளிர் போயிடும்" என்று கத்தினாய். அவருடைய சட்டையைக் கழற்றினாய். சுவெட்டரைக் கழற்றி நனைத்து அவர் நெஞ்சில் போட்டாய். மாற்றுத் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து அவர் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினாய். மேலே மின்விசிறி குளிர்காற்றை அடித்துக்கொண்டிருந்தது. உன் பல் குளிரில் தடதடவென்று அடித்துக்கொண்டது. அவர் உடம்பு மட்டும் தணியவில்லை. கேன்கள் காலியாகிவிட்டன. தரையில் ஊற்றிய தண்ணீர் கதவிடுக்கு வழியாக ஓடி ரோட்டில் ஆவியாகிக்கொண்டிருந்தது.

"இன்னும் தண்ணி வேணும்" என்றேன் நான். உன்னை அந்த மீன் டப்பாக்களைப் பார்க்கச் சொல்லவில்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை. நீயாகத்தான் ஒரு வாளியை எடுத்தாய். முதல் டப்பாவின் மூடியைத் திறந்து, மீனை ஒரு கை தண்ணீரோடு வாளியில் விட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரை அப்பா மேல் ஊற்றினாய். அடுத்தது. அடுத்தது. எண் எழுதிய டப்பாக்கள் எல்லாம் காலியாகிக் கால்மாட்டில் உருண்டன. வாளியில் அந்தக் கிழ மீன்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. எது எந்த மீன் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்பது அந்தப் பெட்டிக்குள் உனக்கு மட்டும்தான் தெரியும். மூடி திறக்கத் தயங்கி உன் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. மீன்களுக்கு என்று வைத்திருந்த குளிரை எல்லாம், கடைசி டப்பாவரைக்கும், உன் அப்பா மேல் ஊற்றிவிட்டாய். அம்புலன்ஸ் வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "ஏன் லா இப்படி நனைக்கிறீங்க?" என்றார்.

வழியிலேயே உடம்பைக் குளிர வைத்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னபோது நீ வராண்டா மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதை நீ கேட்டாயா என்றே தெரியவில்லை. கொஞ்ச நாள் சிறுநீரகம் பயமுறுத்தியது. பிறகு வழிக்கு வந்தது. லோரி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான், அதில் அவருக்குக் கஷ்டம் இருக்கிறது. காலையில் சாவி தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அவர் வாழ்கிறார். பாசாருக்கு நடந்து போய் கீரைக்காரரோடு அரசியல் பேசி, வாடிய கீரையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் திட்டு வாங்குகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

நீயோ செராஸில் இருந்த அறையைக் காலி பண்ணிவிட்டு இங்கே வந்துவிட்டாய். அவர் இருமினால் ஓடுகிறாய். வெளியே போனால் குடை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் என்று பின்னாலேயே போகிறாய். அவருக்கு மூச்சு முட்டுகிறது, உன் மனம் நோகும் என்று சொல்லாமல் இருக்கிறார். நேற்று என்னிடம், "பாப்பாவுக்கு என்ன ஆச்சு? எம் மேல கோவமா?" என்று கேட்டார். உன் அன்பு அவருக்குக் கோபம் மாதிரி தெரிகிறது. பயந்து செய்கிற பணிவிடை அப்படித்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு விதமான பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றவரைப் பார்க்க வந்த பிள்ளைகள் சில. தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்ள வந்த பிள்ளைகள் சில. நோயாளிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

உன் வேலையையும் நீ மறைக்கவில்லை. எந்த இடத்தில் தண்ணீர் சூடானது, எங்கே மீன்கள் கலந்துபோயின என்று எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கொடுத்தாய். செத்தவை போக மிஞ்சிய மீன்களை ஷா ஆலாமில் கொண்டுபோய்ச் சேர்த்தாய். அதற்கு முன்னமே துடுப்பிலிருந்து வெட்டி எடுத்து உறைய வைத்திருந்த துணுக்குகள் பத்திரமாக இருக்கின்றன, அதுவரைக்குமான கணக்கு நிற்கும் என்று உன் புரபசர் சொன்னார். அந்தக் குளிர் தேசத்துக்காரர்களும் நடந்ததெல்லாம் தெரிந்துதான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

நீ பார்த்த அந்தத் தெர்மாமீட்டர் உனக்கு வெறும் கருவியாக இருந்ததில்லை. அதை இத்தனை காலம் நீ கண் இமைக்காமல் கவனித்து வந்தாய். அதைக் கண் பார்த்ததற்காக உன்னைக் குறை சொன்னால், நீ கவனமாக வேலை செய்ததற்காகக் குறை சொல்வது மாதிரி. மனுஷனின் கண் பழகின இடத்துக்குத்தான் முதலில் போகும். எனக்கு முதலாளியின் வண்டிக்குப் போகவில்லையா? கண் எங்கே போனது என்பதை வைத்து ஒரு ஆளை எடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கையைப் பார்க்கிறவள். அன்றைக்கு உன் கை செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

போ என்று நான் சொல்ல மாட்டேன். போனால் உன்னைப் பார்க்காமல் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த வேலை பிடிக்காமல் இங்கே இருந்தால் இரு. நம்மை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்தாலும் இரு, சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன். இன்னொரு மீன் கூட்டத்தை இங்கேயே வளர்க்கிறேன் என்றால், டப்பா கழுவ நான் வருகிறேன். ஆனால் அந்த ஒரு நொடிக்காக இங்கே தங்குவதாக இருந்தால், ஷாமினி, அதற்கு இந்த வீட்டில் இடமில்லை.

அம்மா